ஆஸ்பத்திரி வாசலில் 25 சதம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை ஊர்காவற்றுறையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கதை போனது. கனடாவில் இருந்து லீவில் வந்திருக்கும் கரம்பொன் அண்ணை ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், ஊருக்குக் கை கொடுக்கிறவர். அவர் சொன்னார்: "சும்மா குடுக்கிறபடியாத்தான் தம்பி ஆஸ்பத்திரிக்கு மதிப்பில்லை. ஆளுக்கு ஒரு நூறு ரூபா எடுத்தால் ஆஸ்பத்திரியும் திருந்தும், தேவையில்லாமல் வாற கூட்டமும் குறையும்." சுற்றி இருந்த நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. வரலாறு படிப்பிக்கிறவன் நான். பதில் வரலாற்றில் கிடக்கிறது என்று தெரியும். ஆனால் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதுதான் இங்கே எழுதுகிறேன். அண்ணையும் இதை வாசிப்பார்.

அவர் சொன்னது புது யோசனை இல்லை. இந்த நாடு அதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. அந்தக் கதைக்குப் போக முதல் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இலவசக் கல்வி என்றதும் தரம் 6 பிள்ளையும் கன்னங்கரா என்று சொல்லும். இலவச வைத்தியத்தைத் தந்தது ஆர் என்று கேட்டால் ஆசிரியர்களுக்கே பதில் வராது. அப்படி ஒரு ஆள் இல்லை என்பதுதான் உண்மை.

யாழ்ப்பாணத்துக்கு மேலைத்தேய வைத்தியம் தர்மமாகத்தான் வந்தது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கே வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகளுக்கு வைத்தியம் படிப்பித்தார். பிறகு அதைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கி, உடற்கூற்று நூல்களையும் வைத்திய நூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1850இல் அரசாங்க அதிபர் டைக் முன்னின்று, பிறெண்ட்-இன்-நீட் சொசைட்டி என்ற சங்கத்தின் பேரில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். நாங்கள் இன்று பெரியாஸ்பத்திரி என்கிறோமே, அதன் வேர் அதுதான். 1907இல் அரசாங்கம் அதைப் பொறுப்பெடுத்தது. இணுவிலில் பெண்களுக்கென்று மக்லியொட் ஆஸ்பத்திரி 1898இல் வந்தது.

இவர்கள் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் தர்மம் என்பது கொடுக்கிறவர் கையில் இருக்கிற விசயம். அவர் தந்தால் உண்டு, நிறுத்தினால் நீ கேட்க முடியாது. ஸதகாவுக்கும் ஸகாத்துக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒன்று கொடுப்பவரின் விருப்பம். மற்றது அவர் மீதுள்ள கடமை, ஏழைக்கு அதில் உரிமை உண்டு. ஆஸ்பத்திரி விருப்பத்தில் இருந்து உரிமைக்கு மாறியது எப்போது என்பதுதான் கேள்வி.

அது 1931இல் தொடங்குகிறது. டொனமூர் யாப்பு வந்து, படித்தவன் படிக்காதவன், ஆண் பெண் என்று பார்க்காமல் வாக்குரிமை கிடைத்தது. எங்கள் பக்கத்தில் அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. முழுச் சுயாட்சி தராத யாப்பு எங்களுக்கு வேண்டாம் என்பது அவர்கள் நியாயம். அதனால் யாழ்ப்பாணத்தின் நாலு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அதில் ஒன்று ஊர்காவற்றுறை! 1934 இடைத்தேர்தலில் நெவின்ஸ் செல்வதுரை தெரிவாகும் வரைக்கும் தீவகத்துக்கு அரசாங்க சபையில் வாயே இல்லை. ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரி, றோட்டு என்று மற்றத் தொகுதிகள் கேட்கத் தொடங்கிய முதல் மூன்று வருடமும் நாங்கள் சபைக்கு வெளியே நின்றோம். கொள்கையை நான் குறை சொல்லவில்லை. விலை கொடுத்தோம் என்கிறேன்.

அதே 1934இல் மழை பொய்த்தது. தெற்கிலே எப்போதும் ஓடுகிற ஆறுகள் வற்றி, மணலில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. மலேரியா நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் வேண்டுமா? கேகாலை, குருநாகல் பக்கத்துச் சனத்துக்கு மலேரியா அவ்வளவு பழக்கமில்லாத காய்ச்சல், உடம்பில் எதிர்ப்பும் இல்லை, வயிற்றில் சாப்பாடும் இல்லை. 1934 கடைசியிலும் 1935இலுமாக ஏறத்தாழ 80,000 பேர் செத்துப் போனார்கள். வீடு வீடாக ஆட்கள் படுத்த படுக்கை. கொயினா கொடுப்பதற்குக்கூட அரசாங்கத்திடம் போதிய ஆட்கள் இல்லை.

அப்போது கிராமங்களுக்குப் போனவர்கள் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள். சூரியமல் என்றால் வேறொன்றும் இல்லை, எங்கள் பூவரசம்பூதான். டொக்டர் எஸ்.ஏ.விக்கிரமசிங்க, பிலிப் குணவர்தன, என்.எம்.பெரேரா போன்றவர்கள் அதில் முன்னுக்கு நின்றார்கள். இது வெறும் காய்ச்சல் இல்லை, பட்டினியும்தான் கொல்கிறது என்று கண்டு, மார்மைட்டை நாட்டு வைத்தியரின் குளிசை மாதிரி உருட்டிக் கொடுத்தார்கள். 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936 தேர்தலில் என்.எம்மும் பிலிப்பும் அந்த மலேரியாப் பிரதேசத்துச் சனங்களின் வாக்கில் சபைக்குப் போனார்கள். என்.எம்.பெரேரா என்ற பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வாக்கு இருந்ததால் அந்தச் சாவுக்கு யாரோ பதில் சொல்ல வேண்டி வந்தது. ஒவ்வொரு உறுப்பினரும் என் தொகுதிக்கு ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று சபையில் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். நல்லெண்ணத்தில் இல்லை, அடுத்த தேர்தல் பயத்தில். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கிராமத்து ஆஸ்பத்திரிகள் இந்த நாட்டில் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் இந்தச் சண்டைதான்.

அதற்குப் பிறகும் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் எடுக்கிற வழக்கம் இருந்தது. 1951இல்தான் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் முற்றாக நீங்கியது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இலவச வைத்தியத்துக்கு உலகத்துக்கே உதாரணம் என்று சொல்லப்படுகிற பிரித்தானியா 1948இல் தன் சேவையைத் தொடங்கியது. மூன்றே வருடத்தில், அதே 1951இல், கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் கட்டணம் வைத்தது. அந்தச் சேவையைக் கட்டிய அமைச்சர் அனுரின் பெவன் அதை எதிர்த்துப் பதவியை விட்டார். ஆண்ட நாடு வாசலில் காசு வாங்கத் தொடங்கிய வருடத்தில், ஆளப்பட்ட ஏழை நாடு காசு வாங்குவதை நிறுத்தியது.

எல்லோருக்கும் இலவசம் என்று சொன்னாலும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் வைத்தியம் தோட்டத்து நிர்வாகத்தின் கையில் விடப்பட்டது. அவர்களுக்குக் கேட்க வாக்கு இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1990களில்தான். அதுவரை நாட்டின் மற்றப் பகுதிகளை விட அங்கே கைக்குழந்தைகள் அதிகமாகச் செத்தன. வாக்கு இருந்த இடத்துக்கு ஆஸ்பத்திரி வந்தது, வாக்கு இல்லாத இடத்துக்கு வரவில்லை.

இனி அந்த 25 சதம்.

1971 நவம்பர் பட்ஜெட். நாட்டில் டொலர் இல்லை, ஏப்ரல் கிளர்ச்சி முடிந்து ஏழு மாதம், அரசாங்கத்தின் கை வறண்டிருந்தது. வெளிநோயாளர் பிரிவில் மருந்து எடுக்க வருகிறவர்களிடம் 25 சதம் வாங்குவது என்று முடிவானது. அப்போது நிதியமைச்சர் யார் தெரியுமா? என்.எம்.பெரேரா! மலேரியாக் காலத்தில் மார்மைட் உருண்டையோடு குடிசை குடிசையாகப் போன இயக்கத்தின் அதே ஆள். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. தேத்தண்ணிக் கடையில் அண்ணை சொன்னது போலத்தான் அப்போதும் சொல்லியிருப்பார்கள்: சின்னக் காசுதானே, ஆருக்கும் பாரம் இல்லை, தேவையில்லாத கூட்டம் குறையும்.

கூட்டம் குறைந்தது. சட்டென்று, பெரிய அளவில் குறைந்தது. ஆனால் அந்தக் காசு சுகாதாரச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு தூசு. துண்டு எழுத, காசு எண்ண, கணக்கு வைக்க என்று ஆள் போட்டதுதான் மிச்சம்.

குறைந்த ஆட்கள் ஆர்? யோசித்துப் பாருங்கள். கடை முதலாளி 25 சதத்துக்காக வராமல் விடுவாரா? வராமல் விட்டது மூன்று பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் கண்ட தாய். நாளைக்குப் பார்ப்பம் என்று இருமலைத் தள்ளிப்போட்ட கூலிக்காரன். மகனிடம் காசு கேட்க மனமில்லாத கிழவி. எங்கள் தீவுகளில் அந்த 25 சதம் தனியாக வராது. பஸ் காசு, வள்ளத்துக் காசு, அன்றைக்கு இழந்த தொழில், இவற்றுக்கு மேலே வருகிற காசு அது. வருத்தத்தைத் தள்ளிப்போட்டவர்கள் பிறகு விடுதியில் படுக்கிற நிலையில் வந்தால் செலவு ஆருக்கு? அதே ஆஸ்பத்திரிக்குத்தான்.

1977இல் ஆட்சி மாறி அந்தக் கட்டணம் எடுபட்டது. எடுத்தது ஜே.ஆரின் அரசாங்கம். சந்தையைத் திறந்துவிட்ட, அரிசி மானியத்தில் கை வைத்த அரசாங்கம். இடதுசாரி வைத்த கட்டணத்தை வலதுசாரி எடுத்தார். ஆனால் அதே கையோடு அரச டொக்டர்மார் வெளியில் தனியாக நோயாளரைப் பார்க்கலாம் என்றும் விட்டார்கள். காலமை ஆஸ்பத்திரியிலும் பின்னேரம் கிளினிக்கிலும் ஒரே டொக்டரைக் காண்கிற பழக்கம் அங்கேதான் வேரூன்றியது. கட்சியை வைத்து இந்த வரலாற்றைப் படிக்க முடியாது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதனால்தான்.

1971இல் இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லாவிட்டால் அந்த அரசாங்கத்துக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, முன்னே சொன்ன அதே டொக்டர் விக்கிரமசிங்கவோடு சேர்ந்து ஒரு அறிக்கை எழுதினார். ஒரே மருந்து பத்துப் பேரில், பத்து விலையில் வருகிறது, இதை நிறுத்தலாம் என்றார். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது, அவரே தலைவர். இறக்குமதியாகிக் கொண்டிருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகளை 600 அளவுக்குச் சுருக்கினார்கள். உலகம் முழுக்க விலை கேட்டு, மலிவாகத் தருகிறவனிடம் மொத்தமாக வாங்கினார்கள். கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. 1974இல் கொலரா வந்தபோது, அரசாங்கம் மூலப்பொருளை வாங்கி வைத்திருந்தும் டெட்ராசைக்கிளின் குளிசையைச் செய்து தர ஒரு பெரிய அமெரிக்கக் கம்பனி மறுத்தது. பிபிலே 1977 செப்டம்பரில் கயானாவில் இறந்தார், ஐக்கிய நாடுகளின் வேலையாகப் போன இடத்தில். அவருடைய யோசனையைச் சட்டமாக்க இந்த நாட்டுக்கு 2015 ஆனது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் ஒசுசலவில் போய் மலிவாக மருந்து எடுக்கும்போது அந்த மனிதரை நினையுங்கள்.

இனி கொஞ்சம் சொந்தக் கதை. நான் பிறந்தது 1991இல், புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும், அதை இங்கே விரிக்கவில்லை. உம்மா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. முகாமுக்கு வந்து மூன்றாம் கிழமை ஒரு சிங்கள மிட்வைவ் அம்மா பெரிய கொப்பி ஒன்றோடு வந்தாராம். அரைத் தமிழில் கேட்டது ஒரு கேள்விதான்: எத்தனை மாதம்? ஆர், எந்த ஊர், விலாசம் என்ன, அட்டை இருக்கா என்று ஒன்றும் கேட்கவில்லை. பேரை எழுதினார், கிளினிக் கார்ட் கொடுத்தார். வீடு இல்லை, காணி இல்லை, வாப்பாவுக்குத் தொழில் இல்லை. ஆனால் எனக்குப் போட வேண்டிய ஊசி ஒன்றும் தவறவில்லை. அந்தக் கார்ட்டை உம்மா இன்னும் வைத்திருக்கிறார்.

போருக்குள்ளும் இந்தச் சேவை முழுதாக அறுந்து போகவில்லை. போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காகச் சண்டையை நிறுத்திய நாட்களும் 1990களில் இருந்தன. 1930களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரம் தாய்மாருக்கு மேல் செத்த நாடு இது. இன்று அந்த எண் முப்பது, நாற்பதுக்குள். பெரிய பெரிய மெசினால் வந்த மாற்றம் இல்லை இது, கொப்பியோடு நடந்து வந்த மிட்வைவ்மாரால் வந்தது.

அப்போ இப்போது என்ன பிரச்சினை? வாசலில் ஒருவரும் காசு கேட்பதில்லையே?

வாசலில் கேட்பதில்லைதான். மருந்துத் துண்டில் கேட்கிறார்கள். 2022இல் டொலர் முடிந்தபோது மருந்தும் முடிந்தது. அதற்குப் பிறகு "இது இஞ்ச இல்லை, வெளியில எடுங்கோ" என்பது பழகிப்போன வசனமாகிவிட்டது. விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறும் நோயாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இன்னும் அரச ஆஸ்பத்திரியில்தான். ஆனால் நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் கிட்டத்தட்ட அரைவாசி சனத்தின் சட்டைப்பையில் இருந்து போகிறது. மருந்துக்கும், இரத்தப் பரிசோதனைக்கும், தனியார் கிளினிக்குக்கும். இந்தத் துண்டுதான் இன்றைய 25 சதம். சட்டம் போட்டு வைக்காத, எந்த அரசாங்கமும் எடுத்துவிட்டேன் என்று அறிவிக்க முடியாத கட்டணம்.

சில மாதத்துக்கு முதல் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் பக்கத்து ஆச்சி ஒருவரைக் கண்டேன். பிறசர், சீனி இரண்டும் உள்ளவர். துண்டில் நாலு மருந்து, இரண்டு மட்டும் உள்ளே கிடைத்திருக்கிறது. துண்டை என்னிடம் நீட்டிக் கேட்டார்: "தம்பி, மற்ற ரெண்டில எது முக்கியம் எண்டு பாத்துச் சொல்லு ராசா, அதை மட்டும் எடுப்பம்." நான் டொக்டர் இல்லை. அதற்கு என்ன பதில் சொல்ல? இரண்டையும் வாங்கிக் கொடுத்தேன். அது ஒரு மாதத்துக்கு. அதுவும் தர்மம்தான், 1850இல் தொடங்கியதே, அந்த வகை.

எனக்கு அரச உத்தியோகத்தர் என்பதால் அக்ரஹாரா காப்புறுதி இருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள், படுத்தால் கொஞ்சம் திரும்பி வரும். கடலுக்குப் போகிறவருக்கும், நண்டு உடைக்கிற அக்காவுக்கும், வீடு கட்டக் கல்லுச் சுமக்கிறவருக்கும் அக்ரஹாரா இல்லை. அவர்களுடைய காப்புறுதி அந்த ஆஸ்பத்திரி மட்டும்தான். ஏழைகளுக்கு மட்டும் இலவச அட்டை கொடுக்கலாமே என்றும் கடையில் ஒருவர் சொன்னார். அஸ்வெசும பட்டியல் வந்த 2023இல் பிரதேச செயலகங்களில் மேன்முறையீட்டுக்கு நின்ற வரிசையை மறந்துவிட்டோமா? காய்ச்சலோடு மேன்முறையீடு செய்ய முடியாது. இரவு பதினொரு மணிக்கு நெடுந்தீவில் நெஞ்சுவலி வந்த ஆளைக் கடற்படை வள்ளத்தில் ஏற்றும்போது அட்டை தேட முடியாது.

அண்ணை, உங்களைப் போல வெளியில் இருக்கும் உறவுகள் கட்டில், மெசின், தண்ணீர்த் தொட்டி என்று தந்திருக்கிறீர்கள். அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். அதற்கு மேலே ஒன்று கேட்கிறேன், காசு செலவில்லாதது. நோயாளர் நலன்புரிச் சங்கக் கூட்டத்துக்கு நீங்களும் வாருங்கள், நானும் வருகிறேன். இந்த மாதம் எந்தெந்த மருந்து இல்லை, எப்போது கேட்டு எழுதியது, எப்போது வரும் என்று ஒரு பட்டியலை அறிவித்தல் பலகையில் போடச் சொல்லிக் கேட்போம். அந்தப் பட்டியலின் பிரதியை மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கும், வாக்குக் கேட்டு வருகிற எல்லோருக்கும் கொடுப்போம். மருந்தாளர் மீதோ மிஸ்ஸிமார் மீதோ கோபிப்பதற்கு இல்லை. இல்லாத மருந்துக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? நாளெல்லாம் ஏச்சு வாங்குவது அவர்கள்தான்.

இன்னொரு உதவி. 1971க்கும் 1977க்கும் இடையில் 25 சதம் கொடுத்து மருந்து எடுத்த ஞாபகம் உள்ளவர்கள், அல்லது கொடுக்க முடியாமல் திரும்பி வந்தவர்கள், உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டு எழுதுங்கள். கரம்பொன், நாரந்தனை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, எங்கே என்றாலும் சரி. அந்தத் துண்டு ஆரிடமாவது மிச்சம் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

அண்ணை, பயணம் போறதுக்கு முதல் ஒருநாள் காலமை ஏழு மணிக்கு வெளிநோயாளர் பிரிவு வாங்கில் என்னோடு வந்து இருங்கோ. தேவையில்லாமல் வாறது ஆர் எண்டு ரெண்டு பேருமாப் பாப்பம். பிறகு தேத்தண்ணி என்ர காசு.